ஆப்செட் மெஷினை நாமே ஓட்டலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. சிவகாசிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். எங்க குழுவுல பன்னிரண்டு பேர். நாங்க சங்கக் கடன் வாங்கி ஒரு பழைய மினி ஆப்செட் மெஷின் வாங்கி, நோட்டீஸ், பில் புக், கல்யாணப் பத்திரிகை, மொய்க் கவர் அடிச்சுக் குடுக்கிறோம். இந்த வருஷம் வேற நாலு குழுக்காரங்களும் அச்சுத் தொழில் ஆரம்பிக்கப் போறதா சொன்னாங்க. அதனால "மெஷினை எப்படி ஓட்டுறீங்கன்னு விவரமா சொல்லு"ன்னு தலைவி அக்கா என்னைப் பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

நாமே ஏன் ஓட்டணும்?

முதல்ல இதைச் சொல்லிடறேன். மெஷின் வாங்கினப்ப நாங்க ஒரு ஆளை வேலைக்கு வச்சிருந்தோம். அவர்தான் ஓட்டுவார். நாங்க தாள் எண்ணுவோம், மடிப்போம், பசை ஒட்டுவோம். அவர் மெஷின்கிட்ட எங்களை விடமாட்டார். ரோலர் செட்டிங் பண்ணும்போது கதவைச் சாத்திக்குவார். தை மாசம், கல்யாண சீசன், கையில பதினாலு பத்திரிகை ஆர்டர். அந்த நேரம் பார்த்து "சம்பளத்தை இரட்டிப்பா குடுங்க, இல்லேன்னா வேற இடத்துக்குப் போறேன்"னார். அவ்வளவு குடுக்க எங்களால முடியலை. போயிட்டார்.

மெஷின் நின்னுச்சு. ஆனா தவணை நிக்குமா? வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கூட லீவு கிடையாது. அன்னைக்குக் குழுக் கூட்டத்துல தீர்மானப் புத்தகத்துல எழுதினோம்: "மெஷின் ஓட்ட நம்மில் மூணு பேர் கத்துக்கணும்." சிவகாசியில ரொம்ப வருஷம் மெஷின்மேனா இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி எங்களுக்குக் கத்துக் குடுத்தார். "பொம்பளைப் பிள்ளைக கை வைக்கிற மெஷினா இது"ன்னு கேட்டவங்க ஊர்ல நிறைய. அண்ணாச்சி அவங்களுக்குச் சொன்ன பதில்: "மெஷினுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது. சுத்தம் தெரியும், பொறுமை தெரியும்."

அதனால புதுசா ஆரம்பிக்கிற குழுக்களுக்கு என் முதல் யோசனை: ஆளை வேலைக்கு வையுங்க, தப்பில்லை. ஆனா உங்க குழுவுல குறைஞ்சது ரெண்டு பேருக்கு மெஷினை ஓட்டவும், கழுவவும், நிறுத்தவும் தெரிஞ்சிருக்கணும். ஒரே ஆளு கையில தொழிலோட சாவி இருக்கக் கூடாது. அந்த ஆளு நானா இருந்தாலும் கூடாது.

தண்ணியும் எண்ணெயும்

ஆப்செட் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. இது நம்ம அடுப்படி விஷயந்தான். தண்ணியும் எண்ணெயும் ஒட்டாது. அவ்வளவுதான்.

ஜெர்மனியில செனபெல்டர்னு ஒருத்தர், நாடகம் எழுதுறவர், 1796-ல கல்லு மேல அச்சடிக்கிற முறையைக் கண்டுபிடிச்சார். சலவைக்குப் போட வேண்டிய துணிக் கணக்கை அவரோட அம்மா எழுதச் சொன்னாங்களாம். தாள் இல்லாததால பக்கத்துல கிடந்த கல்லு மேல கொழுப்பு மையால எழுதினாராம். அதுல இருந்துதான் யோசனை வளர்ந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். வீட்டுச் சலவைக் கணக்குல இருந்து பிறந்த தொழிலை நாம ஏன் பார்த்துப் பயப்படணும்?

அப்புறம் 1904 வாக்குல அமெரிக்காவுல ரூபெல்னு ஒருத்தர். மெஷின்ல தாள் போகாம ஒரு சுத்து சுத்தினதுல எழுத்து ரப்பர் மேல பதிஞ்சிருச்சு. அடுத்த தாள் போனப்ப அந்த ரப்பர்ல இருந்து தாளோட பின்பக்கம் எழுத்து விழுந்துச்சு. பார்த்தா முன்பக்கத்தை விடப் பின்பக்கம் தெளிவா இருக்கு! அதுல இருந்து வந்ததுதான் இப்ப நாம ஓட்டுற ஆப்செட்.

நம்ம மெஷின்ல மூணு உருளை முக்கியம். ஒண்ணுல அலுமினிய பிளேட்டு மாட்டியிருக்கும். அடுத்ததுல பிளாங்கெட்னு சொல்ற ரப்பர் விரிப்பு. மூணாவது தாளை அழுத்திப் பிடிக்கிற உருளை. பிளேட்டுல எழுத்து இருக்கிற இடம் மையைப் பிடிக்கும், தண்ணியைத் தள்ளும். எழுத்து இல்லாத இடம் தண்ணியைப் பிடிக்கும், மையைத் தள்ளும். பிளேட்டுல இருக்கிற மை ரப்பருக்குப் போகும், ரப்பர்ல இருந்து தாளுக்கு வரும். ரெண்டு தடவை திரும்புறதால பிளேட்டுல எழுத்து நேராவே இருக்கும், நாமே படிக்கலாம். அதனால பிளேட்டை மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க. பிழை இருந்தா அங்கேயே பிடிச்சிடலாம்.

தாளை முதல்ல கவனிங்க

மெஷின்ல கோளாறுன்னு நாம நினைக்கிறதுல பாதி தாள்ல இருக்கிற கோளாறு.

தாள் கட்டைத் தரையில வைக்காதீங்க. மரப்பலகை மேல, சுவரை ஒட்டாம வையுங்க. அடிக்கப் போற வரைக்கும் மேல சுத்தியிருக்கிற காகிதத்தைப் பிரிக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில பிரிச்சு வச்ச தாள் ஓரத்துல ஈரம் குடிச்சு அலை அலையா நெளிஞ்சிரும். நெளிஞ்ச தாள் மெஷின்ல சுருக்கம் விழும். சித்திரை வைகாசியில இதுக்கு எதிர்மாறு. காஞ்ச காத்துல தாளோட தாள் ஒட்டிக்கிட்டு ரெண்டு ரெண்டா போகும். எந்த மாசமா இருந்தாலும் தாளை ஏத்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் விசிறி, காத்து உள்ள போற மாதிரி உதறி, அப்புறம் தட்டி நேராக்கி வையுங்க. முறுக்கு மாவு பிசையற மாதிரிதான், அவசரப்பட்டா பலன் வராது.

தாளுக்கு ஓட்டம் உண்டு. மரத்துக்கு நார் ஓடுற மாதிரி தாளுக்கும் ஒரு திசையில நார் ஓடும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு துண்டைக் கிழிச்சுப் பாருங்க. நார் ஓடுற பக்கம் நேராக் கிழியும், குறுக்கே கிழிச்சா கோணல் மாணலாப் போகும். பத்திரிகை அட்டையை மடிக்கிற கோடு நார் ஓடுற திசையில இருக்கணும். குறுக்கே மடிச்சா மடிப்புல வெடிச்சு வெள்ளையாத் தெரியும். தாளை வெட்டக் குடுக்கும்போதே இதைச் சொல்லி வெட்டுங்க. ரெண்டு கலர் வேலைன்னா எல்லாத் தாளும் ஒரே ஓட்டத்துல இருக்கணும். தாள் ஈரம் பட்டா குறுக்கு வாட்டத்துலதான் அதிகமா விரியும். ஓட்டம் மாறின தாள் கலந்திருந்தா ரெண்டாவது கலர் இடம் மாறி உக்காரும்.

தாள் கணக்கு

கணக்குத் தெரியலேன்னா லாபம் எங்க போச்சுன்னே தெரியாது. ஒரு உதாரணம் சொல்றேன். டெம்மி தாள் 18-க்கு 23 அங்குலம். ஒரு ரீம்னா 500 தாள். அதைப் பாதியா வெட்டினா 18-க்கு பதினொன்றரை அங்குலத்துல 1000 தாள். இது எங்க மினி மெஷின்ல போகும். இந்த ஒரு தாள்ல டெம்மி எட்டுல ஒண்ணு சைஸ் நோட்டீஸ் நாலு அடிக்கலாம். ஆக ஒரு ரீம் வாங்கினா, 1000 தடவை ஓட்டினா, 4000 நோட்டீஸ். இதுதான் கணக்கு.

எடையையும் பாருங்க. 60 ஜி.எஸ்.எம்.னா ஒரு சதுர மீட்டர் தாள் 60 கிராம்னு அர்த்தம். டெம்மி ரீம் 60 ஜி.எஸ்.எம். கிட்டத்தட்ட 8 கிலோ இருக்கணும். கடையில வாங்கும்போது நிறுத்துப் பாருங்க. எடை ரொம்பக் குறைஞ்சா தாள் மெல்லிசா இருக்கு, இல்லேன்னா எண்ணிக்கை குறையுது. அரிசி வாங்கும்போது நிறுத்து வாங்குற நாம தாளை மட்டும் ஏன் பார்க்காம வாங்கணும்?

வேஸ்டுக்கும் சேர்த்து எடுத்து வையுங்க. நாங்க ஆயிரத்துக்கு அம்பது தாள் கூடுதலா வைக்கிறோம். ஆரம்பத்துல மையும் தண்ணியும் சரியாகுற வரைக்கும் போற தாளுக்குப் புதுத் தாள் போடாதீங்க. பழைய வேஸ்ட் தாளையே திரும்பத் திரும்ப விடுங்க.

மெஷினைக் கிளப்புற வரிசை

சமையலுக்கு வரிசை இருக்கிற மாதிரி இதுக்கும் வரிசை உண்டு. நாங்க அட்டையில எழுதிச் சுவர்ல ஒட்டியிருக்கோம்.

ஒண்ணு. எண்ணெய் விடுற துளைகளுக்கு எண்ணெய் விடணும். மெஷினோட வந்த புத்தகத்துல எங்கெங்கன்னு படம் இருக்கும்.

ரெண்டு. மெஷினைக் கையால ஒரு சுத்து சுத்திப் பார்க்கணும். உள்ள துணி, ஸ்பேனர், தாள் துண்டு எதுவும் கிடக்கக் கூடாது.

மூணு. பிளேட்டை மாட்டி, மேல இருக்கிற கோந்தை ஈரப் பஞ்சால துடைக்கணும்.

நாலு. மெஷினை ஓட விட்டு முதல்ல தண்ணி ரோலரை இறக்கணும். சில சுத்து போகட்டும். பிளேட்டு மெலிசா நனைஞ்சதும் மை ரோலரை இறக்கணும். மையை முதல்ல இறக்கினா பிளேட்டு பூரா கருப்பாயிடும்.

அஞ்சு. எழுத்து தெளிவா வந்ததும் தாளை விடணும்.

நிறுத்தும்போது தாளை நிறுத்தி, மை ரோலரைத் தூக்கி, தண்ணி ரோலரைத் தூக்கணும். கொஞ்ச நேரத்துக்கு மேல நிக்கும்னா பிளேட்டுல கோந்து தடவிடணும். கரண்டு போனாலும் இதே வேலைதான். கரண்டு போச்சேன்னு வெளியில போய் உக்காரக் கூடாது. முதல்ல ரோலரைக் கையால தூக்கி விட்டு, பிளேட்டுக்குக் கோந்து. கோந்து போடாம காஞ்ச பிளேட்டு, மறுபடி ஓட்டும்போது அழுக்குப் பிடிக்கும்.

தண்ணிதான் பாதி மெஷின்

எங்க பக்கம் போர்த் தண்ணி உப்பு. அந்தத் தண்ணியை ஊத்தினா அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து ரோலர் மேல படிஞ்சு, ரோலர் வழுவழுன்னு ஆகி மையைப் பிடிக்காம விட்டுடும். கேன்ல வர்ற ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்துறோம். அதுல கலக்குற மருந்தை பாட்டில்ல போட்டிருக்கிற அளவுக்கு அளந்துதான் ஊத்தணும். கண் மதிப்பு ரசத்துக்குச் சரி, இதுக்கு ஆகாது.

பத்தாவதுல அமிலம், காரம், பி.எச்.னு படிச்சது நினைவு இருக்கா? லிட்மஸ் தாள் மாதிரி பி.எச். பார்க்குற தாள் கடையில கிடைக்கும். இந்தத் தண்ணியோட பி.எச். பொதுவா 4.5-லிருந்து 5.5-க்குள்ள இருக்கணும். அதுக்கும் கீழே போனா மை காயத் தாமதமாகும், பிளேட்டும் சீக்கிரம் தேயும். மேலே ஏறினா எழுத்து இல்லாத இடத்துல மை ஒட்ட ஆரம்பிக்கும். பத்தாவதுல எதுக்குடா இதைப் படிக்கிறோம்னு அன்னைக்கு நினைச்சேன். பதில் மெஷின்கிட்டதான் கிடைச்சுது.

அண்ணாச்சி சொல்லிக் குடுத்த பெரிய பாடம் இது: அச்சு மங்கலாத் தெரிஞ்சா உடனே மையைக் கூட்டாதே, முதல்ல தண்ணியைக் குறைச்சுப் பாரு. தண்ணி அதிகமானா மையோட கலந்து மை நீர்த்துப் போயிடும். அப்ப மையைக் கூட்டினா அதுக்குத் தண்ணி இன்னும் வேணும், தண்ணியைக் கூட்டினா மை இன்னும் வேணும். குழம்புல உப்பு கூடிருச்சுன்னு தண்ணி ஊத்தி, தண்ணி கூடிருச்சுன்னு மறுபடி உப்பு போட்ட கதைதான். பிளேட்டு சுத்தமா இருக்கிறதுக்கு எவ்வளவு குறைஞ்ச தண்ணி போதுமோ அவ்வளவுதான் விடணும்.

கோளாறும் கைவைத்தியமும்

வெள்ளையா இருக்க வேண்டிய இடத்துல லேசா மை படியுதா? தண்ணியைக் கொஞ்சம் கூட்டுங்க. பிளேட்டை ஈரப் பஞ்சால துடைங்க. அப்பவும் வந்தா மை அதிகமா இருக்கான்னு பாருங்க. தண்ணி ரோலரோட துணி உறை அழுக்கா இருந்தா மாத்துங்க.

கருப்புப் படத்துல வெள்ளை வளையம் வச்ச புள்ளி விழுதா? அது தூசி, இல்லேன்னா காஞ்ச மையோட ஆடை. மெஷினை நிறுத்திப் பிளேட்டையும் பிளாங்கெட்டையும் துடைங்க. பால்ல ஆடை படியற மாதிரி மை டப்பாவுலயும் ஆடை படியும். டப்பாவை மூடுறதுக்கு முன்னாடி மை மேல காத்துப் புகாம எண்ணெய்க் காகிதத்தை ஒட்டி வையுங்க. எடுக்கும்போது குழி தோண்டாம மேலாக வழிச்சு எடுங்க.

தாளோட பின்பக்கம் முந்தின தாளோட எழுத்து ஒட்டுதா? மை அதிகம், இல்லேன்னா அடுக்கு உயரம். அடிச்ச தாளைச் சின்னச் சின்ன அடுக்கா எடுத்து வையுங்க. அடுக்கைக் கையால அழுத்தித் தட்டாதீங்க. ஒரு பக்கம் அடிச்சதை அன்னைக்கே திருப்பி அடிக்கவோ வெட்டவோ அவசரப்படாதீங்க. ஒரு ராத்திரி காயட்டும். "இன்னைக்கே வேணும்"னு வர்றவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதா? பிளாங்கெட் தளர்ந்திருக்கும், இறுக்குங்க. ஒரு இடத்துல மட்டும் மங்குதா? கசங்கின தாளோ ரெண்டு மூணு தாளோ சேர்ந்து போய் அந்த இடத்துல ரப்பர் அமுங்கியிருக்கும்.

ரோலர் அழுத்தம் சரியான்னு பார்க்க மெஷினை நிறுத்தி, மை ரோலரைப் பிளேட்டு மேல இறக்கித் தூக்குங்க. பிளேட்டுல ஒரு மைக் கோடு விழும். இந்தக் கோனையிலிருந்து அந்தக் கோனை வரைக்கும் ஒரே அகலமா, மூணு நாலு மில்லிமீட்டர் இருந்தா சரி. ஒரு பக்கம் அகலமாவும் மறுபக்கம் ஒல்லியாவும் இருந்தா செட்டிங் கோணியிருக்கு. உங்க மெஷினுக்கு எவ்வளவுன்னு புத்தகத்துலயும் பாருங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ணின ரகசியம் இவ்வளவுதான்.

ஒரே நாள்ல ரெண்டு மூணு கலர் வேலை இருந்தா வெளிர் கலர்ல ஆரம்பிங்க. மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியா கருப்பு. கருப்பு ஓட்டிட்டு மஞ்சளுக்கு வந்தா எத்தனை தடவை கழுவினாலும் மஞ்சள் அழுக்காத்தான் தெரியும். சாயங்காலம் ரோலரை முழுசாக் கழுவாம வீட்டுக்குப் போகாதீங்க. ராத்திரி பாத்திரம் கழுவாமப் போட்டா காலையில எவ்வளவு தேய்க்கணும்? அதேதான்.

கையும் உயிரும்

இதை மெதுவாச் சொல்றேன், எல்லாரும் கேளுங்க. எங்களுக்குக் கத்துக் குடுத்த அண்ணாச்சிக்கு வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கு. ஓடுற மெஷின்ல பிளாங்கெட் மேல ஒட்டியிருந்த தூசியைத் துணியால துடைக்கப் போனார். துணியைத்தான் மெஷின் இழுத்துச்சு. துணியோட கையும் போச்சு. முதல் நாள் அவர் மெஷினைத் தொட விடலை. அந்த விரலைக் காட்டிட்டு, "இதை மறக்காதீங்க தாயி, மத்ததை நாளைக்குச் சொல்லித் தர்றேன்"னு அனுப்பிட்டார்.

அதனால எங்க சட்டம் இது. துடைக்கணும்னா நிறுத்தித்தான் துடைக்கணும். கொஞ்சம் கொஞ்சமாச் சுத்துற பட்டனை ஒருத்தர் அமுக்க இன்னொருத்தர் துடைக்கிறது கூடாது. துடைக்கிறவ கையிலேயே பட்டன் இருக்கணும். ரெண்டு உருளை ஒண்ணை ஒண்ணு பார்த்து உள்பக்கம் சுத்துற இடத்துல கை போகவே கூடாது. வேலைக்கு இடைஞ்சல்னு தடுப்புத் தகட்டைக் கழட்டி வைக்கக் கூடாது. சிவப்புப் பட்டன் எங்க இருக்குன்னு தாள் எண்ணுற பொண்ணுக்கும் தெரியணும்.

சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்குற பின்னல், பூ, கண்ணாடி வளையல், தாலிச் செயின் எல்லாமே ஆபத்து. நாங்க சேலை மேல ஆம்பளைச் சட்டை போட்டுப் பட்டன் போட்டுக்குவோம். களை எடுக்கப் போறப்ப போடுற மாதிரிதான். செயின் சட்டைக்குள்ள. முடி கொண்டைதான். "தாலியை மறைக்கலாமா"ன்னு ஒரு மதினி கேட்டாங்க. கழுத்தே இருந்தாத்தானே தாலின்னு பெரியம்மா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க.

கழுவுறதுக்குப் பெட்ரோல் எடுக்காதீங்க. சீக்கிரம் தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். அதுக்குன்னு விக்கிற கழுவு மருந்தையே வாங்குங்க. அதுவும் தீப்பிடிக்கும், அதனால ஜன்னலைத் திறந்து வச்சு, கையுறை போட்டுத்தான் கழுவணும். மை துடைச்ச பனியன் வேஸ்டை மூலையில குவிக்காதீங்க. எண்ணெய்த் துணி குவிஞ்சு கிடந்தா தானாவே சூடேறித் தீப்பிடிக்கலாம். மூடி போட்ட இரும்பு டப்பாவுல போட்டு அன்னன்னைக்கே அப்புறப்படுத்துங்க. ஆயுத பூஜை அன்னைக்கு மெஷினுக்குச் சூடம் காட்டுறதுக்கு முன்னாடி மருந்து டப்பாவையும் துணியையும் வெளியே கொண்டு போயிடுங்க. கர்ப்பமா இருக்கிற பிள்ளைகளுக்குக் கழுவுற வேலை குடுக்காதீங்க, எண்ணுற வேலை குடுங்க. வெட்டுற மெஷின்ல ஒரு நேரத்துல ஒரே ஆளுதான் நிக்கணும்.

எழுத்துப் பிழையும் சட்டமும்

பத்திரிகையில எழுத்து நல்லா விழுந்தாப் போதாது, சரியா இருக்கணும். பெயர், தலைப்பெழுத்து, தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம், தாய்மாமன் வரிசை. ரெண்டு பேர் படிக்கணும். ஒருத்தர் சத்தமா வாசிக்க, இன்னொருத்தர் கைப்பிரதியைப் பார்க்கணும். போன ஆவணியில ஒரு பத்திரிகையில தேதியும் கிழமையும் ஒத்துப் போகலை. எழுதிக் குடுத்த தாள்லயே அப்படித்தான் இருந்துச்சு. எங்க குழு பெரியம்மா காலண்டரைப் பார்த்துச் சொன்னாங்க. 800 பத்திரிகை தப்பிச்சுது. அதுல இருந்து வீட்டுக்காரங்க மாதிரித் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிளேட்டு. கையெழுத்துப் போட்ட தாளைக் கோப்புல வைக்கிறோம். நாளைக்குப் பேச்சு வந்தா அந்தத் தாள் பேசும்.

தேர்தல் நோட்டீஸ் அடிச்சா ஜாக்கிரதை. 1951-ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி, அச்சடிச்சவர், வெளியிடுறவர் ரெண்டு பேரோட பெயரும் முகவரியும் நோட்டீஸ்ல இருக்கணும். அடிக்கிறதுக்கு முன்னாடி வெளியிடுறவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி, அவரை நேர்ல தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோட ரெண்டு பிரதி வாங்கணும். அடிச்ச நோட்டீஸ் ஒரு பிரதியையும் உறுதிமொழியையும் நம்ம மாதிரி ஊர்னா மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பணும். தவறினா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா 2000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டும். தெரிஞ்சவங்கதானேன்னு பெயர் போடாம அடிச்சுக் குடுக்காதீங்க. அதே மாதிரி விளம்பரத்துக்குன்னு ரூபாய் நோட்டு மாதிரித் தாள் அடிக்கச் சொன்னாலும், அனுமதி இல்லாதவங்க லெட்டர் பேடுல சிங்கமுத்திரை போடச் சொன்னாலும் முடியாதுன்னு சொல்லிடுங்க. ரெண்டுக்கும் சட்டத்துல தடை இருக்கு.

வேலைச் சீட்டு

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு எழுதுங்க. யாரோட வேலை, என்ன சைஸ், எந்தத் தாள், எத்தனை, எத்தனை கலர், பிளேட்டுச் செலவு, வீணான தாள், முன்பணம், பாக்கி. எங்க வழக்கம், பாதிப் பணம் வாங்காம பிளேட்டுப் போட மாட்டோம். சொந்தக்காரங்களா இருந்தாலும் அதேதான். வேலை முடிஞ்சதும் சீட்டை ரொக்கப் புத்தகத்தோட ஒப்பிடுவோம். மாசக் கடைசியில எந்த வேலையில லாபம், எந்த வேலையில வெறும் உழைப்புன்னு கண்ணுக்குத் தெரியும். நாலு கலர் போஸ்டரைவிடக் கருப்பு மையில அடிக்கிற பில் புக்குலதான் எங்களுக்குக் கையில நிக்குதுன்னு இந்தச் சீட்டுதான் சொல்லிக் குடுத்துச்சு. அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க ஒரு கலர் வேலையில கை பழகுங்க. கை பழகாம நாலு கலருக்குப் போகாதீங்க.

இப்ப எங்க குழுவுல நாலு பேர் ஓட்டுறோம். யாராவது வீட்டு விசேஷம், பிள்ளைக்குக் காய்ச்சல்னு நின்னாலும் மெஷின் நிக்கிறதில்லை. அந்தத் தை மாசத்துக்கு அப்புறம் ஒரு தவணையும் தவறலை. புதுசா மெஷின் வாங்கப் போற குழுக்கள் வாங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு ரெண்டு பேரா எங்ககிட்ட அனுப்புங்க. ஒரு வாரம் எங்ககூட நில்லுங்க. முதல் ரெண்டு நாள் கழுவ மட்டுந்தான் விடுவோம், கோவிச்சுக்காதீங்க. கழுவத் தெரிஞ்சாத்தான் ஓட்டத் தெரியும். வரும்போது ஒரு பழைய சட்டை மட்டும் எடுத்துட்டு வாங்க. சாப்பாடு எங்க பொறுப்பு.